‘வெக்கை’ சொல்லாததும் ‘அசுரன்’ காட்டியதும்

கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நீங்கள் ‘அசுரன்’ படத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு மூலமான ‘வெக்கை’ நாவலைத் தேடிப் படித்திருக்கிறீர்கள். நாவலில் சாதியின் பெயர் எங்கும் வரவில்லை, படத்திலோ பஞ்சமி நிலமும் செருப்பும் வந்து யார் யார் என்பதைத் தெரிவித்துவிடுகின்றன, இரண்டில் எது நேர்மையானது என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கும்போதெல்லாம் ‘இவங்க என்ன ஆளுங்க’ என்று மனம் தேடிக்கொண்டே இருந்ததே, அது சாதிப்புத்திதானா என்பது உங்களுடைய இரண்டாவது கேள்வி. ‘தோட்டம் துரவு உள்ள குடும்பத்தில் பிறந்த நான் இதையெல்லாம் கல்லூரி மலரில் எழுதலாமா’ என்பது மூன்றாவது. இவற்றுக்கு நடுவே, ‘எங்க அப்பாரு தோட்டத்துல கட்டுத்தரை எரவாரத்துல ஒரு டம்ளர் செருகியிருக்கும், வேலைக்கு வர்றவருக்கு’ என்று ஒரு வரியை அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு மேலே போய்விட்டீர்கள். மூன்று கேள்விகளுக்கும் என்னால் இயன்றதைச் சொல்கிறேன். ஆனால் அவை மூன்றும் அந்த அடைப்புக்குறிக்குள்ளிருந்துதான் கிளம்பியிருக்கின்றன என்று எனக்குத் தோன்றுவதால், கடைசியில் அங்கேதான் வந்து நிற்பேன்.

நான் ஒரு கலைக் கல்லூரியில் 26 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். பிறந்தது கோவில்பட்டிப் பக்கம் கரிசல் கிராமம் ஒன்றில். ஆகவே நாவலின் மண்ணும் பேச்சும் எனக்குப் பழக்கமானவை. திரைப்படக் கலையில் எனக்குப் பயிற்சி கிடையாது. படத்தைப் பற்றி நான் சொல்வதைக் காசு கொடுத்துப் பார்த்த ஒருவனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐயமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வெளிவந்தது. தன் அண்ணன் கொலைக்குக் காரணமான வடக்கூரானைப் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டுவதில் தொடங்குகிறது. கையை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்று போனவன் ஆளையே முடித்துவிடுகிறான். அதன்பின் அய்யாவும் மகனுமாகக் காட்டிலும் மலையடிவாரத்திலும் சில நாள் ஒளிந்து திரிந்து, நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படுவதோடு கதை முடிகிறது. கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடுவதால், மீதிப் பக்கங்கள் எங்கே படுப்பது, எதைச் சமைத்துத் தின்பது, ஆத்தா இந்நேரம் எங்கே இருப்பாள் என்பவற்றில் நகர்கின்றன. பகைக்குக் காரணம் நிலம் என்பது தெளிவாக இருக்கிறது. எதிராளி ஊரின் பெயரால் வடக்கூரான் என்றே குறிப்பிடப்படுகிறான். அவன் என்ன சாதி, சிதம்பரம் என்ன சாதி என்பதை நாவல் சொல்வதில்லை. நீங்கள் கவனித்தது சரிதான்.

நான் அதைக் கவனிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டும். இந்த நாவலை முதன்முறையாக வகுப்பில் எடுத்தபோது, ‘ஒடுக்கப்பட்ட இன்ன சாதிக் குடும்பத்தின் கதை’ என்று கரும்பலகையில் எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடும் போட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறந்தேன். வகுப்பு முடிந்ததும் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் நூலகப் பிரதியோடு வந்து, ‘ஐயா, அது எந்தப் பக்கத்துல வருது?’ என்று கேட்டான். அவன் குரலில் குத்தல் ஏதும் இல்லை. தேர்வுக்குக் குறித்து வைத்துக்கொள்ளத்தான் கேட்டான். நான் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். தொடக்கத்தில் இருக்கும் என்று நினைத்த இடத்தில் இல்லை, நடுவில் இருக்கும் என்று நினைத்த இடத்திலும் இல்லை. ‘அய்யா, ஆத்தா என்று கூப்பிடுகிறார்களே’ என்று ஒரு சமாதானம் வாய்வரை வந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் அப்படிக் கூப்பிடும் சாதிகள் பல. எங்கள் வீட்டில் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அன்று இரவு முழு நாவலையும் மறுபடி படித்தேன். மறுநாள் வகுப்பில், நேற்று நான் எழுதியது நாவலில் இல்லை, நான் வெளியிலிருந்து கொண்டுவந்தது என்று சொன்னேன். அந்தப் பையன் தன் நோட்டில் அந்த வரியை அடித்தானா என்று தெரியாது. எனக்கு அன்றிலிருந்து அந்த நாவல் வேறாகிவிட்டது.

சாதியின் பெயரைச் சொல்லாததற்கு அச்சமோ தயக்கமோ காரணமாக இருக்குமோ என்று நீங்கள் ஐயப்பட்டிருக்கிறீர்கள். அப்படி எண்ண இடமில்லை என்பதற்கு அவருடைய முதல் நாவலே சான்று. 1979இல் வந்த ‘பிறகு’ நாவலின் நடுநாயகமான அழகிரி சக்கிலியர் என்பதும், அவர் தோலோடும் செருப்போடும் பாடுபடுகிறவர் என்பதும் அதில் எந்த மறைப்பும் இல்லாமல் எழுதப்பட்டிருக்கின்றன. மூன்றாண்டுக்கு முன் பெயர் சொல்லி எழுதிய கை, ‘வெக்கை’யில் சொல்லாமல் விட்டிருக்கிறது என்றால் அது தெரிந்தே செய்த தேர்வாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ‘தலித் இலக்கியம்’ என்ற பெயர் தமிழில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, 1990களின் தொடக்கத்தில். ‘வெக்கை’ அதற்கு முந்தியது. பின்னாளில் அந்த அடைமொழி தன்மேல் ஒட்டப்பட்டபோது பூமணி அதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஆகவே 1982ஆம் ஆண்டு நாவலிடம் நம் காலத்து அடையாள அட்டையைக் காட்டச் சொல்வது பொருந்தாது.

தேர்வு என்பது வரைக்கும் உறுதியாகச் சொல்லலாம். அந்தத் தேர்வுக்கு நான் தரும் காரணம் என் வாசிப்பு மட்டுமே, ஆசிரியரின் வாக்குமூலம் ஆகாது. நாவல் முழுக்கச் சிதம்பரத்தின் தோளை ஒட்டியே நடக்கிறது. அய்யாவும் மகனும் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில் சாதியின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது? வெளியாள் ஒருவர் வந்து நிற்கும்போதுதான் அந்தப் பெயர் வாய்க்கு வருகிறது. ‘வெக்கை’யில் அந்த அடுப்பருகே வந்து நிற்கும் ஒரே வெளியாள் படிக்கிற நாம். அவர்கள் கேட்காத கேள்வியை நாம்தான் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

இப்போது படத்துக்கு வருகிறேன். வெற்றிமாறன் இயக்கிய ‘அசுரன்’ 2019 அக்டோபர் 4 அன்று வெளிவந்தது. எழுத்து ஒரு மனிதனின் காலைப் பற்றிப் பேசாமலே நூறு பக்கம் போய்விட முடியும். கேமராவுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆள் நடந்து வந்தால் காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும், வீடு ஊருக்குள் இருக்கிறதா வெளியில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். எதையோ ஒன்றைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில், இந்தப் படம் மழுப்பாமல் காட்டியது. செருப்புப் போட்டு நடந்ததற்காக மாரியம்மாள் என்ற பெண்ணை அடித்து, அதே செருப்பைத் தலையில் சுமந்து தெருவில் நடக்கச் செய்யும் காட்சி நாவலில் கிடையாது. குடிசைகள் எரியும் காட்சியும் படம் சேர்த்ததுதான். அதைப் பார்க்கும் தமிழர்களுக்கு 1968 டிசம்பர் 25 இரவில் பழைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது நினைவுக்கு வராமல் இருக்காது. பஞ்சமி நிலம் என்ற சொல்லும் படத்தின் சேர்க்கையே. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையை அடுத்து, ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கொடுக்க 1892இல் ஆங்கில அரசு ஒதுக்கிய நிலம் அது. அவர்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு கொடுக்கப்பட்டது. அந்த ஒரு சொல் வந்தவுடன், படத்தில் அப்பனாக வரும் சிவசாமியின் குடும்பம் யார் என்பது முடிவாகிவிடுகிறது. சாதியின் பெயரை உச்சரிக்காமலே படம் அதைச் சொல்லிவிடுகிறது.

இதை நேர்மையின்மை என்று நான் சொல்ல மாட்டேன். நாவல் தன் வாசகருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டதை, படம் தன் பார்வையாளருக்குத் தெரியாது என்று கருதிச் சொல்லியிருக்கிறது. பஞ்சமி நிலம் என்ற சொல்லையே கேள்விப்பட்டிராத எத்தனையோ பேர் அன்று அதைக் கேட்டார்கள். படம் வந்த அதே மாதத்தில் அந்தச் சொல் அரசியல் தலைவர்களுக்கிடையே அறிக்கைப் போராகவும் மாறியது. கிடைத்ததற்கு ஈடாக ஒன்று கைவிட்டும் போயிற்று. படத்தில் வன்முறைக்குப் பின்னால் ஒரு வரலாறே நின்று நியாயம் சொல்கிறது. நாவலில் ஒரு பையன் அரிவாளோடு தனியாக நிற்கிறான், அவனுக்காக வாதாட எவரும் வரவில்லை. படத்தின் முடிவில் அப்பன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, மகனைப் படிக்கச் சொல்லிவிட்டுப் போகிறான். நமக்கும் ஒரு ஆறுதல் கிடைக்கிறது. நாவலில் பையனும் சேர்ந்தே நீதிமன்றத்தை நோக்கி நடக்கிறான், அந்த ஆறுதல் இல்லை. எனக்கு நாவலின் முடிவுதான் நெருக்கம். என் அயலில் இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவருக்குப் படத்தின் முடிவுதான் நெருக்கம், அவரோடு இதில் நான் வாதாடுவதில்லை.

படத்தைப் பற்றி இன்னும் ஒன்று. எங்கள் ஊர்த் திரையரங்கில், அதுவரை குனிந்தே இருந்த சிவசாமி நிமிர்ந்து அடிக்கத் தொடங்கிய இடத்தில், அரங்கு முழுக்க விசில். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தவரை எனக்குத் தெரியும், அவர் வீட்டுக் கொல்லையும் தெரியும், அங்கே கொத்தனாருக்குத் தனியாக வைத்திருக்கும் தம்ளரும் தெரியும். அவரும் எழுந்து நின்று விசிலடித்தார். அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே சிவசாமியின் பக்கம் நின்றார். சிவசாமியாக நடித்த தனுஷின் முகம் அதற்கு வழி செய்தது. அந்த நடிப்புக்கு அவர் தேசிய விருதும் பெற்றார், தகுதியானதுதான். ஆனால் நமக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு முகத்தின் பக்கம் நிற்பதற்குக் கைக்காசு எதுவும் செலவாவதில்லை. சிதம்பரத்துக்கு அப்படி ஒரு முகம் இல்லை. அவன் பக்கம் நிற்பதற்கு வாசகர் தன்னிடமிருந்து ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கிறது. படத்தைப் பார்த்தபோது உங்களுக்கு வராத சங்கடம் நாவலைப் படித்தபோது வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அந்தச் சங்கடத்தைத்தான் சாதிப்புத்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். தேடியது மட்டுமே குற்றம் என்றால் தமிழ்நாட்டில் தப்புகிறவர் மிகச் சிலர். நாம் அனைவரும் இந்தத் தேடலில் பள்ளிக்குப் போகும் முன்பே பயிற்சி பெற்றவர்கள். வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவரிடம் நம் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைக் கவனித்திருப்பீர்கள். எந்த ஊர் என்று தொடங்கும், ஊருக்குள் எந்தப் பக்கம் என்று நகரும், அங்கே இன்னாரைத் தெரியுமா என்று வளையும், அதிலும் பிடிபடவில்லை என்றால் ‘உங்க குலசாமி எது?’ என்று பக்தியோடு முடியும். சாதி என்ற சொல் ஒருமுறைகூட வந்திருக்காது, காப்பி மட்டும் வந்திருக்கும் அல்லது வராமல் போயிருக்கும். இந்தப் பழக்கம் உள்ள மனம் ஒரு நாவலைப் படிக்கும்போது மட்டும் ஓய்வெடுக்காது.

ஆகவே தேடினேனா என்பதைவிட, விடை கிடைத்ததாக நினைத்தபோது எனக்குள் என்ன மாறியது என்று பார்ப்பது பயனுள்ளது. என் மாணவர்களிடம் நான் செய்யச் சொன்னது இதுதான்: சிதம்பரம் உங்கள் சாதிப் பையன் என்று வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தைப் படியுங்கள், பிறகு வடக்கூரான் உங்கள் சாதி ஆள் என்று வைத்துக்கொண்டு அதே அத்தியாயத்தைப் படியுங்கள். வெட்டின் கனம் இரண்டு முறையும் ஒன்றாக இருந்ததா என்று மட்டும் பாருங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம். முன்முடிவு எங்கே இருக்கிறது என்பதை அந்த வேறுபாடு காட்டும். இது உளவியல் சோதனையோ ஆராய்ச்சியோ இல்லை, ஒரு வாத்தியாரின் கைமருந்து. எனக்கு அது வேலை செய்தது. உங்களுக்கும் செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது.

அடித்தவர், அடிபட்டவர் என்ற இரண்டே பெட்டிகளோடு நின்றுவிடவும் வேண்டாம். நேரம் கிடைத்தால் 1994இல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலைப் படியுங்கள். ஒடுக்கப்பட்டவர்களின் தெருவுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் சாதிப் பெண் ஆரோக்கியத்தின் கதை அது. தாங்களே ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் இன்னொருவரைத் தங்களுக்கு வெளியே வைத்திருப்பதைக் காட்டியதற்காக அந்த நாவல் கடுமையான எதிர்ப்பையும் சந்தித்தது. அந்த எதிர்ப்பில் முழுக்க நியாயம் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. உள்வீட்டுச் சண்டையைக் கண்டு மேல்தெருக்காரர்கள் மகிழ்வார்கள் என்ற அச்சத்துக்குக் காரணம் இருந்தது. இதைப் படித்துவிட்டு ‘எல்லாச் சாதியிலும் இருக்கிறதுதானே’ என்று நீங்கள் நிம்மதி அடைந்தால், தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளை எழுதலாமா என்றால், எழுதலாம். ஆனால் எதை எழுதுவது என்பதில் எனக்குக் கறாரான கருத்து இருக்கிறது. சிதம்பரத்தின் வலியை நீங்கள் உணர்ந்து உருகியதாக நான்கு பக்கம் எழுதினால், அது நல்ல தமிழில்கூட இருக்கலாம், ஆனால் அது அந்த விசிலின் நீட்சியாகத்தான் இருக்கும். வேறு எவரும் எழுத முடியாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அந்த டம்ளர் எரவாரத்தில் எந்த மூலையில் செருகியிருந்தது, எவர்சில்வரா அலுமினியமா, காப்பியை யார் ஊற்றினார்கள், எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினார்கள், குடித்த பின் அதை யார் கழுவினார்கள், சிறுவயதில் நீங்கள் தெரியாமல் அதை எடுத்தபோது யாராவது உங்கள் கையைத் தட்டிவிட்டார்களா? உயரத்திலிருந்து ஊற்றும் அந்தக் கையின் பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள். டம்ளரை ஏந்தியவரால் சொல்ல முடியாத ஒரு பாதி அது.

உங்கள் கேள்வியைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். அப்பாருவின் பெயர் இருக்கிறது. தோட்டத்துக்கு வழங்கும் பெயர் இருக்கிறது. கட்டுத்தரையில் நின்ற காளைக்குக்கூட ஒரு பெயர் சொல்லியிருக்கிறீர்கள். டம்ளரில் குடித்தவர் ‘வேலைக்கு வர்றவர்’ என்று மட்டுமே இருக்கிறார், அடுத்த சொல்லாக (மேலே எடுத்துக்காட்டியபோது அதை நான் விட்டுவிட்டேன்) அவருடைய சாதி வருகிறது. பூமணி சாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டு, சிதம்பரம் எங்கே படுத்தான், என்ன தின்றான், எதற்குப் பயந்தான் என்பதைச் சொன்னார். நீங்கள் சாதியைச் சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் விட்டிருக்கிறீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உங்களுக்கு அவர் அப்படித்தான் அறிமுகம் செய்யப்பட்டிருப்பார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர் பெயரைக் கேளுங்கள். அப்பாருவிடம் கேட்டால் ஒருமையில் ஒரு சுருக்கப் பெயர் கிடைக்கும். அவருடைய பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்தால் முழுப்பெயர் கிடைக்கும். அவர் உயிரோடு இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். மலரில் எழுதப்போவதைச் சொல்லி, பெயர் போடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள், காரணமும் கேட்காதீர்கள். போகிற இடத்தில் காப்பியோ மோரோ கொடுத்தால், எந்தப் பாத்திரத்தில் கொடுக்கிறார்கள் என்று நோட்டம் விடாமல் வாங்கிக் குடியுங்கள்.